ஒன்பதாவது சர்க்ளிப்

கேரேஜில் மைனஸ் இருபத்தாறு.
அந்தக் குளிரில் அளக்கிற எண் எல்லாம் பொய்.
இரும்பு ஒரு கணக்கில் சுருங்கும்,
அலுமினியம் வேறொரு கணக்கில்.
ஆகவே ஜனவரியின் இரண்டாம் ஞாயிறு
வோல்வோவின் எஞ்சின் ப்ளாக்கை
சறுக்குவண்டியில் கட்டி
கீழ்வீட்டு டைஸ்டோவும் நானும்
சமையலறைக்கு இழுத்து வந்தோம்.
ஃப்ரிட்ஜுக்கும் அடுப்புக்கும் நடுவே
சிவப்பாக நின்றது அது,
விருந்துக்கு வந்துவிட்டுக்
கிளம்பாத மைத்துனனைப் போல.

என்ஸியோ சூப்புக்கு உருளைக்கிழங்கு நறுக்கிக்கொண்டிருந்தார்.
"எத்தனை நாளைக்கு?"
"ஏரி உருகுவதற்குள்."
கெமி நகரத்தில் அது
ஏப்ரலாகவும் இருக்கலாம், மே மாதமாகவும் இருக்கலாம்.
அவர் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளவில்லை.

காகித ஆலையில்
ஓடும் தாளின் தடிமனைப்
பன்னிரண்டு மணி நேரம் பார்க்கிறவள் நான்.
வீட்டிலும் அதே வியாதி.
க்ராங்க் ஷாஃப்டைப் பேரிங்குகளில் படுக்கவைத்து
மெழுகுநூல் துண்டை மேலே இட்டு
மூடியை இறுக்கி, திறந்து,
நசுங்கிய அகலத்தைப் படித்தேன்.
நான்கு இடத்தில் மில்லிமீட்டரை நூறாக்கியதில் ஐந்து.
ஓரிடத்தில் ஆறு.
ஒரு தலைமுடியை நெடுக்காக ஏழாய் வகிர்ந்தால்
ஒரு பங்கு.
அதற்காகப் பத்து நாள் தபாலுக்குக் காத்திருந்தேன்.

பிஸ்டன் வளையங்களின் வாயை அரத்தால் ராவினேன்.
ஒரு இழுப்பு, அளவு. அரை இழுப்பு, அளவு.
டர்போவின் சூட்டில் வளையம் நீளும்,
முனையோடு முனை முட்டினால்
சிலிண்டரின் தோலை உரித்துவிடும்.
"ரொட்டியில் இரும்புச்சத்து கூடியிருக்கிறது" என்றார் என்ஸியோ,
பல்லிலிருந்து எதையோ எடுத்தபடி.

பிப்ரவரி கடைசியில் சிலிண்டர் ஹெட்.
பத்து போல்ட், மூன்று சுற்று, நடுவிலிருந்து வெளியே.
டார்க் ரெஞ்ச் பத்தாவது முறை
க்ளக் என்றதும்
இரண்டு பேரும் ஆளுக்கொரு பியர் குடித்தோம்.
நான் தரையைப் பெருக்கினேன்.

பெருக்கியிருக்கக் கூடாது.

ஃப்ரிட்ஜின் காலடியிலிருந்து
துடைப்பத்தோடு வந்தது ஒரு சர்க்ளிப்.
பிஸ்டனைக் கோத்திருக்கும் ஊசி
பக்கவாட்டில் நழுவாமல்
முனைக்கொன்றாகத் தடுக்கிற கம்பி.
நகத்தில் பாதி.
நான்கு பிஸ்டன். எட்டு சர்க்ளிப்.
வயிற்றில் புளியைக் கரைத்தது.

பையில் எத்தனை இருந்தன?
பையைப் பல்லால் கிழித்தேன், அது ஞாபகம் இருக்கிறது.
எண்ணினேனா?
எண்ணாமல் இருப்பேனா நான்?
எண்ணியதாக ஞாபகம் இல்லை.

தாம்பெரே கடைக்குத் திங்களன்று போன் செய்தேன்.
"சில நேரம் கூடுதலாக ஒன்று போடுவோம்" என்றான் பையன்.
"எந்த நேரம்?"
"சில நேரம்."

டைஸ்டோ சொன்னார், விடு, எட்டும் உள்ளேதான் இருக்கும்.
என்ஸியோ ஒன்றும் சொல்லவில்லை,
தட்டுகளை எடுத்துக்கொண்டு வரவேற்பறைக்குப் போனார்.
நான் ரெஞ்சைத் தலைகீழாகத் திருப்பினேன்.
பத்து போல்ட். ஹெட். எண்ணெய்த் தொட்டி.
ஒவ்வொரு பிஸ்டனாக மேலே தள்ளி வெளியே எடுத்து
டார்ச் வெளிச்சத்தில்,
பிறகு நம்பிக்கையில்லாமல் விரல்நுனியால்.

ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு. ஐந்து. ஆறு. ஏழு.
எட்டு.

எல்லாம் தன் தன் பள்ளத்தில்,
வாய் கீழ்நோக்கி,
நான் வைத்தபடியே.

புது கேஸ்கெட்டுக்கு எழுபது யூரோ.
மார்ச் பதினாறு, ஏரியில், ஏழாயிரம் சுற்றில்
எஞ்சின் பனியைக் கிழித்துப் போனது.
ஆறாவதாக வந்தேன்.
முன்சக்கரத்தில் ஆணி போதவில்லை, அது வேறு கதை.

சமையலறையில் இப்போது மேசை பழைய இடத்தில்.
மின்கட்டண ரசீதோடு அந்த ஒன்பதாவதையும்
ஒரு காந்தத்துக்கு அடியில்
ஃப்ரிட்ஜ் கதவில் வைத்திருக்கிறேன்.
கதவை ஓங்கிச் சாத்தினால் விழும்.
டிங்.
என்ஸியோவும் நானும் உடனே
அடுப்புக்குப் பக்கத்து வெற்றிடத்தைத்
திரும்பிப் பார்க்கிறோம்.