கோட்டும் கோடும்

நாகூர் சாலையில் எனக்குப் பொத்தான் கடை.
நூல், ஊக்கு, ஜிப்பு, லேஸு,
அப்பா காலத்துப் பெயர்ப்பலகை.
பட்டாளத்து உடுப்பு பார்க்கிற வேலை
எப்படி வந்து ஒட்டிக்கொண்டது என்று கேட்காதீர்கள்.
பொத்தானைத் திருப்பிப் பார்க்கிறவளிடம்
காரைக்கால் ஒருநாள்
முழு உடுப்பையும் கொண்டுவந்து கொட்டியது.

முன்பக்கத்து நங்கூரத்தை எவனும் வார்த்துவிடுவான்.
முதுகில்தான் பட்டறையின் பெயர்,
அந்த எழுத்தின் இடுக்கில் கறுத்துப்போன பச்சைக் களிம்பு.
புளியும் உப்பும் தடவி வரவழைத்த பச்சை
விரலோடு வந்துவிடும்.

போன மாசியில் ஒருவன்
பாலைவனத்தில் சண்டை போட்டது என்று
ஒரு மேல்சட்டை கொண்டுவந்தான்.
முகர்ந்தேன்.
அரசலாற்று வண்டல்.
இரண்டு மாதம் புதைத்துவைத்திருக்கிறான், பாவம்.
பாலைவனம் இத்தனை வளமாக நாறாதப்பா என்றேன்.
அந்துப்பூச்சிக்கும் வரிசை தெரியாது;
அவன் சிகரெட்டால் சுட்ட ஓட்டைகளோ
பந்தியில் உட்கார்ந்தது போல
இடம் விட்டு இடம் விட்டு.

மதலேன் அம்மாள் வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை, மழை.
மஞ்சள் பைக்குள் பாலித்தீன், அதற்குள் செய்தித்தாள்,
அதற்குள் காக்கிக் கம்பளிக் கோட்டு.
மாதா கோயில் பக்கம் சொல்தா வீடு,
புருஷன் சவரிராயன், சைகோனில் ஏழு வருஷம்.
புதுச்சேரியில் ஒருவர் வாங்கிக்கொள்கிறாராம்.
"அசல்தான்னு ஒரு சீட்டு மட்டும் வேணுமாம்."

ஆறு பொத்தானில் ஐந்து நங்கூரம், ஐந்தும் உண்மை.
ஆறாவது, சட்டைப் பொத்தான்.
அக்குளில் வியர்வை வரைந்த தேசப்படம்,
அதை எந்தப் பட்டறையிலும் வார்க்க முடியாது.
இடது கையில் சாய்வாக ஒரு பொன் கோடு.
சார்ஜெண்ட்.

கடை விளக்கை அணைத்து
ஊதா விளக்கைப் பிடித்தேன்.
பழைய நூல் செத்த நூல், இருட்டில் இருட்டாகவே கிடக்கும்.
கோட்டு முழுக்க அப்படித்தான் கிடந்தது.
பொன் கோட்டைச் சுற்றி மட்டும்
தையல் தையலாக நீலம் எரிந்தது.
ஓரத்தை நிமிண்டினேன்.
அடியில் வெயில் படாத துணி, இரண்டு கோடுகளின் தடம்.
கார்ப்பொரல்.

எரிந்த நூலைக் கண்ணாடி வைத்துப் பார்த்தேன்.
மூன்று புரி, இடமுறுக்கு, சந்தன மஞ்சள்.
எழுபத்தொன்பதில் முதல் பெட்டி வந்தபோது
பள்ளிக்கூடப் பையோடு நின்று
பிரித்து அடுக்கியவள் நான்.
எங்கள் கடை நூல்.

"கோடு பிறகு தைத்தது, அம்மா."
"ஆமா, நாந்தான் தைச்சேன்.
சார்ஜெண்ட் ஆக்கிக் கடுதாசி வந்துச்சு, அவர் கப்பலேறி வந்தப்புறம்.
எழுபத்தேழு புயல்ல போச்சு."

டெல்டாவில் எல்லாப் பொய்க்கும் சாட்சி அந்தப் புயல்.
எத்தனை பத்திரம், எத்தனை பதக்கம்,
எத்தனை கவர்னர் கையெழுத்து அதில் போனதென்று
என் மேசைக்கு மட்டும்தான் தெரியும்.
உண்மையாகவே போனதும் அதே தண்ணீரில்தான் போனது.

"கடுதாசி வந்தப்பவே தைச்சிருக்கலாமே?"

என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.
"கடுதாசி இருந்தவரைக்கும் கோடு எதுக்கு?"

வெளியே மழை விட்டிருந்தது. ஒரு லாரி போனது.
அசல் என்றால் கடையில் வேறு அர்த்தமும் உண்டு,
வட்டி ஏறுவதற்கு முன் கொடுத்த பணம்.
அதைச் சீட்டில் எழுத முடியாது.

எழுதினேன்:
கோட்டு அசல்.
பொத்தான் ஐந்து அசல், ஒன்று இல்லை.
கோடு, எழுபத்தொன்பதுக்குப் பின். நூல், எங்கள் கடை.
தேதி, கையெழுத்து, ரப்பர் ஸ்டாம்பு.

பாதி விலைகூடக் கிடைக்காது என்று சொன்னேன்.
எழுத்துக்கூட்டி இரண்டு தடவை வாசித்தாள்,
ஸ்டாம்பு காயட்டும் என்று ஊதினாள்.
கோட்டின் உள்பையில் சீட்டை வைத்தாள்.
செய்தித்தாள், பாலித்தீன், மஞ்சள் பை.

புதுச்சேரி பஸ் இந்தப் பக்கம் என்றேன்.
அவள் மாதா கோயில் பக்கம் நடந்தாள்.