தாழ்த்தி, மெதுவாக

நாடாவை நேராக வெள்ளியின்மேல் ஒட்டக் கூடாது.
முதலில் என் புறங்கையில் ஒட்டுவேன்,
உரிப்பேன், மறுபடி ஒட்டுவேன்.
மூன்றாம் முறை
ரோமத்தைப் பிடிக்காமல் வந்தால் சரி.
பசி அடங்கிவிட்டது,
இனி விமானத்தைத் தொடலாம்.

மேசையில் டெல்ஃபின் பயிற்சி ஜெட்,
நாற்பத்தெட்டில் ஒரு பங்கு.
அடியில் கண்ணாடிக் கறுப்பு.
அதன்மேல் அலுமினியம்,
ஊதினால் படியும் ஆவி போல நான்கு பூச்சு.
தொட்டால் ரேகை நிற்கும்.
தும்மினால் அதுவும் நிற்கும்.
இரண்டு நாள் கவிழ்த்த டப்பாவுக்குள் காய வேண்டும்.
பொறுத்தார் பூமி ஆள்வாராம்.
எனக்குப் பூமி வேண்டாம்,
வாலில் ஒரு சிவப்புப் பட்டை
கசியாமல் வந்தால் போதும்.

ஓஸ்ட்ராவாவில் பிப்ரவரி.
டிராமில் இரவுப் பணிக்குப் போகிறேன்
நகக்கண்ணில் வெள்ளியோடு.

பதினொன்றாம் கட்டில், திரு. ஸ்லாமா.
பேக்கரியில் முப்பது வருடம்.
முன்கையெல்லாம் அடுப்பு வாசலின் கோடுகள்.
பகல் பணியில் யாரோ
பிளாஸ்திரியைச் சடாரென்று இழுத்ததில்
தோலும் கூடவே போயிருக்கிறது,
நனைந்த வெங்காயச் சருகு.

மேல்நோக்கி இழுக்காதே.
பட்டையைத் தன்மேலேயே மடி,
தாழ்த்தி, மெதுவாக,
பின்னாலேயே மறுகை விரல்
தோலை அமுக்கிக்கொண்டு வரட்டும்.
செவிலியர் அறைச் சுவரில் இது படத்தோடு இருக்கிறது.
அங்கே படித்துத்தான்
வீட்டில் விமானத்துக்குச் செய்தேன்
என்று சொல்ல ஆசை.
நடந்தது தலைகீழ்.
சுவரை நான் நிமிர்ந்து பார்த்ததே
விமானம் வாங்கிய பிறகுதான்.

"நகத்தில் என்ன, க்வியெதா?"
"விமானம்."
அவர் சிரிக்கவில்லை.
"மாவும் அப்படித்தான் போகாது" என்றார்.

ஞாயிறு மதியம்.
சிவப்பு காய்ந்திருந்தது.
வானொலியை நிறுத்திவிட்டு உரித்தேன்,
தாழ்த்தி, மெதுவாக.
நாடா வந்தது.
அதன் வயிற்றில் ஒட்டிக்கொண்டு
சுண்டுவிரல் நகமளவு அலுமினியமும் வந்தது.
பட்டையின் ஓரம் கத்தி போல நேர்.
அதற்குக் கீழே
கறுப்பு கண் திறந்து பார்த்தது.

விளக்கைச் சாய்த்துத் தேடினேன்.
விதியில் பிழையில்லை.
இன்றைய கையிலும் இல்லை.
கறுப்புக்கும் வெள்ளிக்கும் நடுவே
துடைக்காமல் விட்ட ஒரு விரல் எண்ணெய்,
ஆறு நாள் முந்தையது.
என்னுடையது.
அதன்மேல் இத்தனை நாள் பளபளத்துக்கொண்டிருந்திருக்கிறது.

வெள்ளியில் ஒட்டுப்போட்டால் காட்டிக்கொடுக்கும்.
அதனால் அந்தத் தகடு முழுவதையும்,
கோட்டிலிருந்து கோடு வரை,
சுற்றிலும் மறைத்தேன்
(புறங்கையில் இம்முறை ஐந்து தடவை).
வேறு புட்டி. சற்றே மங்கல்.
ஏதோ ஒரு தளத்தில்
வேறொரு ஜெட்டிலிருந்து கழற்றி
யாரோ திருகிய தகடு என்று இருக்கட்டும்.

செவ்வாய் இரவு ஸ்லாமாவிடம் படம் காட்டினேன்.
மூக்குக்கண்ணாடி தேடவே ஐந்து நிமிடம்.
"இது ஒண்ணு மட்டும் வேற நிறமா இருக்கே?"
"மாத்தினது."
"எதுலேர்ந்து எடுத்தாங்க?"
அதுவரை நான் யோசித்திருக்கவில்லை,
தகடு போன அந்த இன்னொரு விமானத்தை.

அவர் தன் முன்கையைத் திருப்பிப் பார்த்தார்.
புதுத் தோல், இளஞ்சிவப்பு,
பழைய சூட்டுக்கோடு ஒன்று
அதன் கரைவரை வந்து நின்றுவிட்டிருந்தது.
"ஓரம் சரியில்லை" என்றார்,
வேகாத ரொட்டியைத் திருப்பி அனுப்பும் குரலில்.

மணி நான்கு. ஊசியை இடம் மாற்ற வேண்டும்.
புதுப் பிளாஸ்திரியின் காகிதத்தை நீக்கினேன்.
அவர் கைக்குக் கொண்டுபோகும் முன்
என்னை அறியாமல்
என் புறங்கையில் ஒட்டினேன்,
உரித்தேன்.

இருவரும் அதையே பார்த்தோம்.
வார்டில் அது கூடாது.
குப்பையில் போட்டுவிட்டு
வேறொன்றைப் பிரித்தேன்.