பித்தளைக் குழாய்

நாற்பது ரேண்ட்.
எடைக்குக் கிடைத்த தொகையை
அரசு வழக்கறிஞர் இரண்டு முறை வாசித்தார்.
முதல் முறை கோப்புக்காக.
மறுமுறை, தனக்கே நம்பிக்கை வராமல்.

சாட்ஸ்வர்த்தில், பேவியூ சரிவில்,
என் வீட்டுப் பக்கச் சுவரில் இருந்த குழாய் அது.
இரவு மூன்று மணிக்கு அவன் திருகிக்கொண்டு போனபின்
விடியும்வரை தண்ணீர் ஓடியது,
கீழ்வீட்டு நாய்க்கூண்டை நனைத்து,
அதற்கும் கீழ்வீட்டுக் கொத்தமல்லிப் பாத்தியை அரித்து.
நகராட்சி அனுப்பிய கட்டணச் சீட்டைப் பார்த்ததும்
எந்தத் திருட்டுக்கு முதலில் புகார் கொடுப்பது என்று
கொஞ்சம் குழம்பினேன்.
இதைச் சொன்னபோது யாரும் சிரிக்கவில்லை.

பெயர் குவேஷன். பதின்மூன்று நடப்பு.
பள்ளிச் சீருடையில் வந்திருந்தான்,
பள்ளி அவனை நீக்கி ஐந்து மாதம் ஆன பிறகும்.
வேற நல்ல சட்டை இல்ல, என்றாள் அவன் அம்மா,
யாரும் கேட்காமலே.

இந்த வயதுப் பிள்ளைக்கு
நல்லது கெட்டது தெரியாது என்றுதான்
சட்டம் முதலில் எடுத்துக்கொள்ளுமாம்.
தெரியும் என்றால்
அதை நிரூபிப்பது அரசின் பாடு.
நன்னடத்தை அதிகாரி நொம்தந்தாசோ
நாற்காலியை அவன் பக்கம் இழுத்துப் போட்டுக் கேட்டார்:
திருடுவது தப்பு என்று தெரியுமா?
தெரியும்.
எப்படித் தெரியும்?
இருட்டிலதானே போனேன்.

பேனாக்கள் ஓடின.
அந்த ஒரு வரியில் அவன் பெரியவனாகிவிட்டான்.
நான் மகிழ்ந்திருக்க வேண்டும்.
அவன் கால் தரைக்கு எட்டாமல்
நாற்காலிக் கம்பியைத் தட்டிக்கொண்டிருந்தது.

காசு என்ன ஆனது?
ஒரு ஸ்ட்ரா வாங்கினேன்.
உனக்கா?
அண்ணனுக்கு. அது இல்லாட்டி
வயித்தப் பிசையும் அவனுக்கு. கத்துவான்.
அம்மா வேலைக்குப் போகணும், தூங்கணும்.

கரும்பு வெட்ட வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் நாங்கள்.
எங்கள் தெருவில் இன்று சுகர்ஸ் என்றால்
யாரும் தேநீரை நினைப்பதில்லை.

அந்த அறையில் இல்லாத ஒருவனை
நான் தேடிக்கொண்டே இருந்தேன்:
தராசு வைத்திருப்பவன்.
காலை ஆறு மணி, ஒரு சின்னப் பையன்,
கையில் ஈரம் காயாத குழாய்,
மரையில் என் சுவரின் பச்சை வண்ணம்.
ஒன்றுமே கேட்கவில்லை அவன்.
அவனுக்கு நல்லது கெட்டது தெரியுமா என்று
எந்த அதிகாரியும் நாற்காலியை இழுத்துப் போடவில்லை.

பிறகு என் முறை.
உங்களுக்கு என்ன வேண்டும், அம்மா?
ஐம்பத்தாறு வயதில் முதல் தடவையாக
ஓர் அரசாங்க மேசை என்னைக் கேட்கிறது.
மன்னிப்புக் கடிதம் கேட்கலாமாம். பணமும் கேட்கலாமாம்.
குழாயை அவனே மாட்டட்டும், என்றேன்.
நீதிபதி அதோடு
ஆறு சனிக்கிழமைகளைச் சேர்த்தார்.

முதல் சனி.
பிளாஸ்டிக் குழாய்தான் வாங்கி வைத்திருந்தேன்.
பித்தளை இல்லையா, என்று பார்த்தான்.
நான் அவனைப் பார்த்தேன்.
இருவரும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டோம்.
வெள்ளை டேப்பை மரைக்கு எதிர்த்திசையில் சுற்றினான்,
பிரித்தான், சுற்றினான்.
கழற்ற எவ்வளவு நேரம் ஆச்சு?
ரெண்டு நிமிஷம்.
மாட்ட ஒன்றேகால் மணி நேரம்.

இன்னும் சொட்டுகிறது.
கீழே ஒரு வாளி.
இரவு மூன்று மணிக்கு விழிப்பு வந்தால்
காது கொடுக்கிறேன்:
ஓடும் சத்தமா, சொட்டும் சத்தமா.
சொட்டும் சத்தம்தான். தூங்கிவிடுகிறேன்.

நான்காம் சனி அவன் வரவில்லை.
அவன் அண்ணனை வெள்ளி இரவு
மருத்துவமனைக்குக் கொண்டுபோனதாகத் தெருவில் பேச்சு.
நொம்தந்தாசோ தொலைபேசியில் கேட்டார்:
வராததற்குக் காரணம் என்று ஒரு கட்டம் இருக்கிறது.
என்ன எழுத?
மழை, என்றேன்.

டர்பன் முழுக்க வெயில்.
அவர் மேசைக்கும் ஜன்னல் இருக்கும்.
கொஞ்ச நேரம் பேச்சில்லை.
பிறகு பேனா நகரும் சத்தம்.