மீன் கிடைக்காதவரின் எண்

ஓசூரில் மூன்று ஷிப்டுக்கு நடுவே
பிடுங்கியெடுத்த இரண்டு நாள் லீவு.
ஏழடித் தூண்டில் கம்பு,
டிபன் பாக்ஸில் இரைக்குக் கேழ்வரகு உருண்டை.
நீச்சல் தெரியாது.
இங்கே முதலிலேயே சொல்லிவிடுகிறேன்,
அங்கே யாரிடமும் சொல்லவில்லை.

பென்னாகரம் தாண்டிய இறக்கத்தில் காது அடைத்தது.
ஒகேனக்கல்லில் கால் தரையில் படுமுன்
எண்ணெய் தேய்ப்பவர் ஒருவர் தோளை அழுத்திப் பார்த்து
"இறுகிக் கெடக்கு சார்" என்றார்.
கிடக்கிறது.

முதலில் முனிரத்தினம்.
லேமினேட் செய்த படங்கள், கயிற்றில் கோத்தது.
பிடித்து நிற்கும் ஆட்கள் மாறுகிறார்கள்,
மீன் மாறவில்லை.
எல்லா வாலிலும் அதே கிழிசல்.
"கேரண்டி சார்" என்றார்.
காவிரி என்ன மிக்சியா.

அடுத்தது இரண்டு பேர் கூட்டுத் தொழில்.
ஆரஞ்சு ஜாக்கெட்டுகள் உறை பிரிக்காமல் அடுக்கியிருந்தன.
"பிரிச்சா அழுக்காயிடும்."
ஒருவர் சொன்ன விலையை மற்றவர் குறைத்தார்.
அவர் குறைத்ததை இவர் மேலும் குறைத்தார்.
நான் வாயே திறக்கவில்லை.
கேட்காமல் இறங்கும் விலை
எனக்கு வயிற்றைக் கலக்கும்.

ஊட்டமலைப் பக்கம் கடைசிக் கொட்டகையில்
பரிசலைக் கவிழ்த்துப் போட்டுத் தார் பூசிக்கொண்டிருந்தார் சென்றாயன்.
நிமிரவில்லை.
எத்தனை கிலோ இருப்பீங்க?
சங்கத்துச் சீட்டு வாங்கியாச்சா?
நீச்சல்?
தெரியும் என்றேன்.
கம்பைப் பிடித்திருந்த என் விரல்களைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு
"தெரியாதவங்களுக்கும் அதே ரேட்டுதான்" என்றார்.

போன வாரம் மீன் பிடித்தவர் நம்பர் கேட்டேன்.
கிடைக்காதவர் நம்பரைச் சொன்னார், மனப்பாடமாக.
"கெடைச்சவன் நல்லாத்தான் சொல்வான்.
அதுல உங்களுக்கு என்ன தெரியும்?"

பாலக்கோட்டில் ஒரு பல் டாக்டர் எடுத்தார்.
பின்னால் யாருக்கோ பல் ராவும் சத்தம்.
"மீனா? ஒரு கெளுத்திகூட இல்லை.
பதினோரு மணிக்கே கரையேற்றிவிட்டான், எனக்கு ஆத்திரம்.
அரை மணி நேரத்தில்
நாங்கள் நின்ற பாறையைக் காணோம்."
பிறகு, "வாயை நல்லாத் திறங்க."
அது எனக்கில்லை.

நான்கு ஐநூறு ரூபாய் நோட்டுகள் முன்பணம்.
எண்ணிக்கொண்டிருக்கும்போதே அவர் போன் அடித்தது.
பிலிகுண்டுலுவில் ஆறு மணிக்கு எட்டாயிரம் கன அடி.
எட்டு மணிக்குப் பதினாலாயிரம்.
ஆற்றைப் பார்த்தார்.
எனக்கு அது அதே ஆறாகத்தான் தெரிந்தது,
கொஞ்சம் டீ நிறம், அவ்வளவுதான்.
நோட்டுகளைத் திருப்பிக் கொடுத்தார்.

அங்கே முனிரத்தினம் கை காட்டிக் கூப்பிடுகிறார்:
தடை சொல்றதுக்குள்ள ஒரு சுத்து சுத்திரலாம் சார்!
பொய் சொல்லக் கூடாது.
இரண்டடி எடுத்து வைத்தேன்.
லீவு நாள் கால்களுக்குத் தனி புத்தி.
சென்றாயன் தடுக்கவில்லை.
தார்ச் சட்டியை அடுப்பிலிருந்து இறக்கி வைத்துவிட்டு
டீக்குக் காசு இருக்கா என்றார்.

திரும்பும் பேருந்தில்
கட்டைவிரல் ரேகை கறுப்பாக அச்சாகியிருந்த நோட்டை
கண்டக்டர் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து
வேற கொடுங்க என்றார்.
உருண்டை டிபன் பாக்ஸில் புளித்துக்கொண்டிருந்தது.

வியாழக்கிழமை, இரண்டாம் ஷிப்ட், தெரியாத எண்.
"சென்றாயன் உங்க நம்பர் கொடுத்தாரு.
எப்படி ஆளு? மீன் கெடைச்சுதா?"
மெஷினை நிறுத்தினேன்.
ஆற்றில் இறங்கவே இல்லை என்றேன்.
அந்தப் பக்கம் சற்று நேரம் மூச்சு மட்டும்.
"அதுக்கு எவ்வளவு வாங்கினாரு?"

ஒரு டீ.
ரெண்டு முறுக்கு.
உங்களுக்கு நீச்சல் தெரியுமா?