குத்திப் பார்த்தது

உகாண்டாவெல்லாம் சுத்திப் பாத்தீங்களா என்கிறார்
வேலூர் ரோட்டு பேக்கரியில் எல்ஐசி மாணிக்கவேலு.

சுத்திப் பாக்கலீங்க, குத்திப் பாத்தேன்.

முந்நூற்று இருபது அடி.
முதல் நாற்பது சிவப்பு,
அப்புறம் வழவழவென்று களி,
நூற்றெண்பதில் ஒரு கரும்பாறை
பிட்டைக் கவ்விக்கொண்டு
பொழுதோட வரைக்கும் விடவில்லை.

யானை?
ரிக் வண்டிக் கண்ணாடியில் ஒருதரம்,
பின்னால் போனது.

பாஸ்போர்ட்டில் ஏழு முத்திரை.
ஒரு அருவிக்கும் போனதில்லை.
கம்ப்ரசர் இரைகிற ராத்திரிகளில்
மேலே வரும் தூளை நாக்கில் வைப்பேன்:
சாம்பியா லேசாகப் புளிக்கும்,
மலாவிக்கு ருசியே கிடையாது.
தான்சானியாவில் தண்ணி பீய்ச்சியபோது
அவர்கள் என்ன சொல்லிக் கத்தினார்களோ,
நானும் அதையே கத்தினேன்.

நாட்டுக்கு ஒரு சிட்டிகை
காலிப் பெருங்காய டப்பாக்களில்
திருச்செங்கோடு வந்து சேர்ந்தது.
பேர் எழுதி ஒட்டாதது என் தப்பு.

போன வெள்ளிக்கிழமை
வசந்தாமணி வைத்த ரசத்தில்
ஒரு தேசம் கரைந்துவிட்டது.
மீதி டப்பாக்களை மோந்து பார்த்தும்
எதுவென்று பிடிபடவில்லை.

நறநறங்குதும்மா என்றான் சின்னவன்.
என்றபடியே
இன்னொரு கை வாங்கிக் குடித்தான்.