மூணாம் நம்பர் பிரஸ்

டில்லிபாபு சொன்னது இவ்வளவு:
"மழை பெஞ்சா மட்டும்தான் மேடம்,
அதுவும் நைட் ஷிப்ட்ல, ரெண்டு ரெண்டரைக்கு மேல,
பெடல்லேர்ந்து கால எடுத்தப்புறமும்
ஒரு மூச்சு கழிச்சு இன்னொரு தபா எறங்குது.
எப்பவும் இல்ல. எப்பன்னும் தெரியல.
கைய உள்ள விடச்சொல்ல பயமா கீது."

அம்பத்தூர் எஸ்டேட், டீக்கடை வாசல்.
தலையாட்டிக் கேட்டுக்கொண்டேன்.

இரவு பத்தரைக்கு லேப்டாப்பைத் திறந்தேன்.
வரிக்கு ஆறு சொல், அதற்கு மேல் கூடாது.
முதலில் 'மேடம்' போயிற்று.
'கீது' போனபோது
சொன்ன ஆளும் கூடவே எழுந்து போய்விட்டான்.
மழையைப் பருவநிலை ஆக்கினேன்.
ஒரு மூச்சு என்றால் எத்தனை வினாடி என்பார்கள்,
எடுத்துவிட்டேன்.
பயத்தை எந்தக் கட்டத்தில் போடுவது?
கர்சர் வெகுநேரம் சும்மா துடித்துக்கொண்டிருந்தது.

மிச்சம்:
'பிரஸ் 3: பருவகால மாறுபாடு. கண்காணிப்பில்.'
ஆங்கிலத்தில் இன்னும் அழகாகச் சுருங்கியது.
பக்கத்தில் ஒரு மஞ்சள் வட்டம்.
காலையில் ரங்கபாஷ்யம் சார்
அதையும் பச்சையாக்கச் சொன்னார்.
மற்ற நாலும் பச்சை, இது மட்டும் கண்ணை உறுத்துகிறதாம்.

விளக்கை அணைத்தார்கள். ஏசி பதினெட்டில்.
பதினொரு வினாடி நின்றது அந்த ஸ்லைடு.
எண்ணினேன்.
லேசர் புள்ளி அதன்மேல் தத்தி, தங்காமல்,
அடுத்த காலாண்டுக்குத் தாவியது.
"கேள்வி ஏதாவது?"
இருட்டில் சமோசாத் தட்டு கைமாறியது.
நான் வாயைத் திறந்திருக்கலாம்.
போட்டதற்கு மேல் பேசினால்
போடத் தெரியாதவள் என்பார்கள்.
இது காரணமில்லை. காரணம் மாதிரி இருக்கிறது.

கடைசியில் 'நன்றி', பின்னால் ஒரு சூரியகாந்தித் தோட்டம்.
விளக்கு வந்ததும் எல்லோரும் கண்ணைக் கசக்கினோம்.

இப்போது மணி ஒன்று நாற்பது.
கொரட்டூரில் மழை,
முதலில் பக்கத்து வீட்டுத் தகரத்தில்,
பிறகு எங்கும்.
அம்பத்தூர் இங்கிருந்து இரண்டே ஸ்டேஷன்.
டில்லிபாபுவுக்கு இந்த வாரம் எந்த ஷிப்ட்?
இருபத்திரண்டு ஸ்லைடிலும் அது இல்லை.

கேட் செக்யூரிட்டிக்கு அடிக்கிறேன்.
ரிங் போகிறது.
எடுப்பதற்குள் ஒருமுறை
சொல்லிப் பார்த்துக்கொள்கிறேன்:
மழை பெஞ்சா மட்டும்தான் அண்ணே,
அதுவும் நைட் ஷிப்ட்ல,
ரெண்டு ரெண்டரைக்கு மேல