சன்னல் போகும் வழி

நாம்சே சந்தைக்கு மேலே முதல் திருப்பத்தில்
ஒரு சன்னல் எனக்கு முன்னால் ஏறிப்போனது.

நாலு மூலைக்கும் பழைய கம்பளி.
நெற்றிப்பட்டையில் தொங்கிய மரச்சட்டத்துக்குக் கீழே
இரண்டு கெண்டைக்கால்கள், வாய் பிளந்த ஷூ.
கால்களிடம் பெயர் கேட்டேன்.
ஹர்க்கதோஜ் ராய், என்றது
கண்ணாடிக்கு அந்தப்பக்கம் ஒரு குரல்.
கீழ்நாட்டுக்காரன். எட்டு நாள் நடை.
எடை எவ்வளவு?
"காலையில் நாற்பது கிலோ.
மதியத்துக்குமேல் கேட்காதீர்கள்."

எனக்குப் பின்னால் இருந்ததெல்லாம்
அவன் முதுகில் எனக்கு முன்னால் போயிற்று:
தாம்செர்க்குவின் பனி,
ஜூனிப்பர் புகை,
வேலிமுள்ளில் கொத்துக்கொத்தாய் முடியை விட்டுவிட்டு
கூச்சமே இல்லாமல் அசைபோடும் கவரிமா,
எல்லாவற்றுக்கும் கீழே
மூச்சுக்கு அலையும் என் மூஞ்சி.

மந்திரக் கற்சுவர் வந்தது.
வலக்கைப் பக்கம் விட்டு நடந்தான்.
கல்லில் வெட்டிய எழுத்துகள்
கண்ணாடியில் இடம்வலம் மாறி ஓடின.
எனக்கு நேராகவும் படிக்கத் தெரியாது,
நட்டமில்லை.

ஊன்றுகோலைச் சட்டத்துக்கு முட்டுக்கொடுத்து
நின்றபடியே இளைப்பாறினான்.
உட்கார்ந்துவிட்டால்
எழும்போது மலையையும் தூக்க வேண்டும்.

தொங்குபாலத்தில்
காற்று சன்னலைப் பிடித்துக்கொண்டது
தன் பொருளைப்போல.
எதிர்க்கரையில் கோவேறு கழுதைகள் நின்றன,
மணிகூட ஆடவில்லை.
பக்கவாட்டில் திரும்பி நண்டாக நகர்ந்தான்.
சாய்ந்த கண்ணாடியில் மலை போய்
ஆறு மட்டும்.
தூத் கோசி. பேரில்தான் பால்.

போர்ட்சேயில் சுவர் ஏற்கெனவே உடைத்திருந்தது,
சிகரத்தைப் பார்த்து.
கொழுந்தன் ஞவாங் கியாலு பலகைகூட எழுதிவிட்டான்:
'மலை தெரியும் அறை. இருநூறு கூடுதல்.'

பெம்பூத்தி சாணமேட்டிலிருந்து
கை துடைத்துக்கொண்டு வந்தாள்.
"இங்கே வேண்டாம்.
கிழக்கே உடை."
கிழக்கே என்ன இருக்கிறது?
ஒற்றையடிப் பாதை.
வைகாசியில் இப்போதுதான் முளைவிடும் கிழங்குத் தோட்டம்.
"மலை பார்க்க வருகிறவர்கள்
வெளியே நின்று பார்க்கட்டும்.
அது எங்கும் போகாது."

கயிறு கட்ட மேலே போன மகனைப் பற்றி
யாரும் பேசவில்லை.
கம்மென்று கடப்பாரையை எடுத்தான் கியாலு.
வடக்கு ஓட்டையைக் கல்லும் மண்ணும் வைத்து அடைத்ததில்
இருட்டு ஒரு முழம் கூடியது.
அடுப்பில் கிழங்குரொட்டி கருகியது, தின்றோம்.

மறுநாள் மாலை சட்டம் சுவரில் ஏறியது.
ஈர மண்ணைக் கட்டைவிரலால் அழுத்திவிட்டு
அதன் முன்னால் உட்கார்ந்தாள்,
வருகிறவனைப் பார்க்க.

அது முதலில் காட்டியது போகிறவனை.
வெறும் பட்டையைத் தோளில் போட்டு
ஹர்க்கதோஜ் இறங்கிக்கொண்டிருந்தான்.
அவ்வளவு உயரமானவன் என்று
இப்போதுதான் தெரிந்தது.

பாதை வளைந்த இடத்தில் அவன் முடிந்தான்.
பிறகு கொஞ்ச நேரம் பாதை மட்டும்.

பிறகு யாருடையதோ ஒரு மாடு
வேலி தாண்டி
முளைக் குருத்தில் வாய் வைத்தது.
"ஹோய்!"
விரல்முட்டியால் கண்ணாடியை
ஓங்கி ஓங்கி இடித்தாள்.

மாடு நிமிர்ந்து பார்த்தது.
எட்டு நாள் முதுகில் வந்த கண்ணாடி,
தாங்கியது.